எதில் மூன்றில் ஒரு பங்கு?

கரும்பலகையில் 3/4 என்று எழுதிக் காட்டினால் இன்றைய பிள்ளைகள் "மூணு பை நாலு" என்று படிக்கிறார்கள். நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் புதுச்சேரியின் மதகடிப்பட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளில் "நாலில் மூணு பங்கு" என்பதுதான் வழக்கமாகக் காதில் விழும். ஒரு சொல் மாறியது, அவ்வளவுதானே என்று விட்டுவிடலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்த பிறகு, நடுநிலைப் பள்ளிக் கணக்கில் நாம் இழந்தவற்றுள் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். "மூணு பை நாலு" என்றால் இரண்டு எண்கள், நடுவில் ஒரு கோடு. என்ன செய்ய வேண்டும் என்று அது பிள்ளைக்குச் சொல்வதில்லை. "நாலில் மூணு பங்கு" சொல்கிறது: முதலில் நாலாகப் பிரி, பிறகு அதில் மூன்றை எடு. சொல் வரும் வரிசையில்தான் கையும் வேலை செய்கிறது. நம் பாடப் புத்தகங்கள் கோட்டுக்குக் கீழே இருப்பதைப் பகுதி என்றும் மேலே இருப்பதைத் தொகுதி என்றும் சொல்கின்றன. பகு, தொகு என்ற இரண்டு வினைகள் அங்கே பெயராக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கூட்டத்தின் பின்னத்தைக் காண்பதற்குப் பகுத்துவிட்டுத் தொகு என்பதற்கு மேல் விதி கிடையாது. அந்தச் சொற்களை "மேலே எது, கீழே எது" என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, உள்ளே இருக்கும் வினையை நாம் சொல்லாமலே விட்டுவிடுகிறோம்.

ஆனால் பகுப்பதற்கு முன்னால் தெரியவேண்டியது ஒன்று உண்டு. எதைப் பகுப்பது? பின்னக் கணக்கில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் அதுதான். மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை தோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. இங்குள்ள பிள்ளைக்கு அதை விளக்க வேண்டியதில்லை. "சந்தையில் 60 மாடுகள் நின்றன. அவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு கறவை மாடுகள். கறவை மாடுகள் எத்தனை?" என்று கேளுங்கள். 60-ஐ ஐந்தாகப் பகுத்தால் பங்குக்கு 12. இரண்டு பங்கைத் தொகுத்தால் 24. வகுத்தலும் பெருக்கலும் மூன்றாம் வகுப்பு அளவுதான். அப்படியிருந்தும் நோட்டுகளில் வரும் விடைகள் வியக்கவைக்கும். 60-ஐ இரண்டால் வகுத்து 30, ஐந்தால் வகுத்து 12, இரண்டையும் கூட்டி 42 என்று வரும். 60-இலிருந்து இரண்டைக் கழித்து 58 என்று வரும். அந்தப் பிள்ளைக்கு வகுக்கத் தெரியும், கழிக்கத் தெரியும். எந்த எண் எதன்மேல் வேலை செய்கிறது என்பதுதான் தெரியவில்லை. ஒரு வட்டத்தை ஐந்தாகக் கீறி இரண்டுக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் அதே பிள்ளை தவறாமல் செய்யும். 2024-இல் வந்த ஆறாம் வகுப்பு ‘கணித பிரகாஷ்’ புத்தகமும் ஒரு ரொட்டியைப் பங்கிடுவதில்தான் பின்னத்தைத் தொடங்குகிறது, நல்ல தொடக்கம். ஆனால் ரொட்டி கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது, அறுபது மாடு ஒன்றாகத் தெரிவதில்லை. பலவற்றை ஒரே முழுமையாகப் பிடிக்க மனம் பழக வேண்டும். ரொட்டியிலிருந்து மந்தைக்குப் போகும் அந்த அடியை எந்தப் புத்தகமும் ஓரிரு பக்கத்துக்கு மேல் நின்று சொல்வதில்லை. வகுப்பில் வாரக்கணக்கில் நிற்கவேண்டிய இடம் அது.

அப்படி நிற்க நேரமில்லாததால் ஒரு குறுக்கு விதி வந்தது. "ஆஃப் வந்தால் பெருக்கு." ஆங்கில வழி வகுப்புகள் பெருகப் பெருக இந்த விதியும் பெருகியது. தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பின்பற்றிய புதுச்சேரிப் பள்ளிகளில் சமச்சீர் கல்விக் காலத்திலேயே இது காதில் விழத் தொடங்கிவிட்டது. தொடக்க வகுப்புகள் மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு முன்பே போய்விட்டிருந்தன. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் அதற்கு மாறத் தொடங்கியபின், கிராமத்துப் பிள்ளைகளுக்கும் இதுவே முதல் விதியாகிவிட்டது. விதி பொய் இல்லை. 60-இல் ஐந்தில் இரண்டு என்பது 60-ஐ 2/5-ஆல் பெருக்குவதுதான். கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் சிக்கல் வெளியே வருகிறது. "வகுப்பில் ஐந்தில் மூன்று பங்கு பெண்கள். பெண்கள் 24 பேர். வகுப்பில் மொத்தம் எத்தனை பேர்?" விதியை நம்பிய பிள்ளை 24-ஐ 3/5-ஆல் பெருக்கி 14.4 என்று எழுதும். மொத்த வகுப்பு அதிலுள்ள பெண்களைவிடச் சிறியதாகிவிட்டது. புள்ளிக்குப் பின்னால் அரைகுறையாக ஒரு ஆள் வேறு நிற்கிறார். ஆனாலும் விதியைச் சரியாகப் பின்பற்றிய பிள்ளைக்குத் தன் விடையைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. பகு, தொகு என்று பழகிய பிள்ளை இதை வேறு மாதிரிப் பார்க்கும். 24 என்பது தொகுத்த பிறகு வந்தது. மூன்று பங்கு சேர்ந்து 24 என்றால் ஒரு பங்கு 8, ஐந்து பங்கு 40. புதிதாக ஒரு விதியும் தேவைப்படவில்லை. போன வழியே திரும்பி வந்தது.

அடுத்தது ‘மீதி’. சந்தைக்கு 60 மாடு வந்தது. முற்பகலில் மூன்றில் ஒரு பங்கு விற்றது. பிற்பகலில் மீதியில் பாதி விற்றது. விற்காமல் திரும்பியவை எத்தனை? சரியான விடை 20. மூன்றில் ஒன்றையும் பாதியையும் கூட்டி 5/6 என்று கண்டு, 50 விற்றது, 10 திரும்பியது என்று எழுதுபவர்கள் எந்த வகுப்பிலும் பாதிக்குக் குறையாமல் இருப்பார்கள். பின்னங்களைக் கூட்டத் தெரிந்த, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதில் விழுவார்கள். அவர்கள் செய்த கூட்டலில் பிழை இல்லை. முதல் பின்னம் அறுபதைப் பற்றியது, இரண்டாவது நாற்பதைப் பற்றியது. ‘மீதியில்’ என்ற ஒரு சொல் முழுமையையே மாற்றிவிட்டதைக் கண் கடந்து போய்விட்டது. புத்தகம் எழுதுபவர்களையும் இங்கே குறை சொல்லவேண்டும். விடை முழு எண்ணாக வரவேண்டுமென்று தேர்ந்தெடுக்கும் எண்கள் தவறான வழிக்கும் முழு எண்ணாகவே விடை தந்துவிடுகின்றன. 60-க்குப் பதில் 51 மாடு என்று கொடுத்திருந்தால் சரியான வழியில் 17, 17, 17 என்று அழகாக முடியும். தவறான வழியில் நாற்பத்திரண்டரை மாடு விற்றதாக வரும், பிள்ளையே நின்று யோசிக்கும். இதைவிட நுட்பமான ஒரு குழி நம் மொழியிலேயே இருக்கிறது. "மூன்றில் ஒரு பங்கு குறைந்தது" என்றால் 60 போய் 40 இருக்கிறது. "மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது" என்றால் 20 இருக்கிறது. ‘ஆக’ என்ற இரண்டெழுத்தில் இருபது மாடு. கணக்கு வகுப்பில் இலக்கணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டலாம்.

பின்னத்தில் எல்லோரும் அறிந்த பிழை ஒன்று இருக்கிறது: மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டுவது. 2/3-உம் 1/2-உம் சேர்ந்தால் 3/5 என்று எழுதுவார்கள். சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். அந்தப் பிள்ளை எங்கிருந்து அதைக் கொண்டுவந்தது என்று பார்க்கலாம். ‘அ’ பிரிவில் 30 பேர், அதில் 20 பேர் பெண்கள்: மூன்றில் இரண்டு. ‘ஆ’ பிரிவில் 20 பேர், அதில் 10 பேர் பெண்கள்: பாதி. இரண்டு பிரிவையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் 50 பேரில் 30 பேர் பெண்கள், அதாவது ஐந்தில் மூன்று. 3/5 என்ற ‘தவறான’ விடை இந்தக் கேள்விக்குச் சரியான விடை. இரண்டு கூட்டங்கள் கலந்து பெரிய கூட்டம் ஆகும்போது பிள்ளை அன்றாடம் காண்பது அதைத்தான். கபடியில் மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி, பிறகு இரண்டு ஆட்டத்தில் ஒரு வெற்றி என்றால் மொத்தம் ஐந்து ஆட்டத்தில் மூன்று வெற்றி என்று எந்தப் பிள்ளையும் விரலை மடக்காமல் சொல்லும். வகுப்பில் நாம் கேட்ட 2/3 + 1/2 என்ற கூட்டலில் இரண்டு பின்னமும் ஒரே முழுமையின் பங்குகள். விளையாட்டுத் திடலில் வேறு வேறு முழுமைகள். பிள்ளைக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. எதில் என்பதை நாம் சொல்லவில்லை, அது தனக்குத் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டது. இதைப் பிழை என்று அடித்துவிட்டால் பிள்ளையிடம் இருந்த ஒரு நல்ல அறிவையும் சேர்த்து அடித்துவிடுகிறோம். இரண்டு கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் இரண்டு பங்கு, எதில் பாதி என்று கேட்டுவிட்டால் போதும், பிழை தானாக விலகிவிடும்.

சக ஆசிரியர்கள் இதற்கு எழுப்பும் மறுப்புகள் நியாயமானவை. ‘ஆஃப்’ என்ற சொல்லைத் தேடாதே என்று சொல்லிவிட்டு ‘இல்’ என்ற உருபைத் தேடு என்றால் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கிறார்கள். உண்மைதான், ‘இல்’ தேடுவது விதியாகிவிட்டால் அதுவும் ஏமாற்றும். முன்னே சொன்ன சந்தைக் கணக்கில் மூன்று ‘இல்’ இருக்கின்றன. சந்தையில் என்பது இடம். அவற்றில் என்பது முழுமை. ஐந்தில் என்பது பகுக்கும் எண். ஒரே உருபு, மூன்று வேலை. ஆகவே உருபைத் தேடச் சொல்வதில் பயனில்லை. உருபைக் கேள்வியாக்க வேண்டும். ஒவ்வொரு பின்னத்தின் எதிரிலும் ‘எதில்?’ என்று எழுதி, அதற்கு ஒரு பெயர் எழுதவைக்க வேண்டும்: வந்த மாட்டில், மீதி மாட்டில், கறவை மாட்டில். எண்ணைக்கூட அப்போது எழுத வேண்டாம். பெயர் எழுதிய பிள்ளை பெரும்பாலும் கணக்கை முடித்துவிடும்.

நேரம் இல்லை என்பது இன்னொரு மறுப்பு. தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி இல்லை, புதுச்சேரியில் காலாப்பட்டில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் நுழைவுத் தேர்வை எழுதுகிறார்கள். எண்கணிதப் பகுதியில் 20 கேள்வி, 30 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடத்தில் படம் போட்டு, பெயர் எழுதி, எப்போது முடிப்பது? படம் என்றால் மாடு வரைவது இல்லை. நீளமாக ஒரு பட்டை, அதில் ஐந்து கட்டம், அடியில் 60 என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். சிங்கப்பூர் 1980-களில் தன் தொடக்கப் பள்ளிகளில் இந்தப் பட்டைப் படத்தைத்தான் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுதும் அதை நகலெடுக்கிறார்கள். பழகிய கைக்கு அது பத்து விநாடி வேலை. மீதிக் கணக்கில் மூன்று கட்டம் வரைந்து ஒன்றை அடித்துவிட்டால், மிச்சம் இரண்டு கட்டத்தில் பாதி ஒரு கட்டம் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. பின்னக் கூட்டலே வேண்டியதில்லை. நேரத்தை உண்மையில் தின்பது, விளங்காத கேள்வியை மூன்று முறை படித்து, நான்கு விடைகளில் ஒன்றை ஊகிப்பதுதான்.

ஏழாம் வகுப்பில் எக்ஸ் வந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எக்ஸ் என்பது என்ன? தெரியாத முழுமைக்கு வைத்த பெயர். எது முழுமை என்று காணத் தெரியாத பிள்ளை எதற்கு எக்ஸ் என்று பெயர் வைக்கும்? வைத்தபின் 2/5-ஐ எதன் பக்கத்தில் எழுதும்? எக்ஸ் வருவதற்கு நெடுங்காலம் முன்பே மனிதர்கள் இந்தக் கணக்குகளைப் போட்டிருக்கிறார்கள். பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியில் வண்டுக் கணக்கு ஒன்று வருகிறது. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பூவுக்கும், மூன்றில் ஒரு பங்கு இன்னொரு பூவுக்கும், இவ்விரண்டின் வித்தியாசத்தைப் போல் மும்மடங்கு வேறொரு பூவுக்கும் போய், ஒரே ஒரு வண்டு மிஞ்சுகிறது. மொத்தம் 30 என்று இஷ்டத்துக்கு வைத்துக்கொள்: 6, 10, 12 போக மீதி 2. உண்மையில் மிஞ்சியது ஒன்று. ஆகவே மொத்தம் அதில் பாதி, 15. இதற்கு இஷ்டகர்மம் என்று பெயர். அதற்கும் ஏறத்தாழ இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால், எகிப்தில் அகமோசு என்ற எழுத்தர் நகலெடுத்த ரைண்டு பாப்பிரஸ் சுவடியில் ஒரு கணக்கு: ஒரு அளவோடு அதில் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19. அவர்களும் 7 என்று வைத்துக்கொண்டு 8 வரக்கண்டு, அதிலிருந்து மேலே போகிறார்கள். விடையை அவர்கள் எழுதியிருக்கும் விதம் 16, அதோடு 1/2, அதோடு 1/8. தமிழில் பதினாறரையே அரைக்கால் என்று அப்படியே படித்துவிடலாம். இரண்டு கணக்கிலும் முதல் வேலை முழுமையை ஒரு எண்ணாக மனதில் நிறுத்திக்கொள்வதே. மந்தையை ஒன்றாகப் பிடிக்கப் பழகிய பிள்ளைக்கு எக்ஸ் எளிதாக வந்துவிடுகிறது.

அரைக்கால் என்றதும் பழைய எண்சுவடிதான் சிறந்தது என்று நான் சொல்லப்போவதாக நினைக்கவேண்டாம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் முந்திரி என்ற 1/320-இல் தொடங்கி, காணி 1/80, மா 1/20, வீசம் 1/16, அரைக்கால், கால் என்று அடுக்கடுக்காக ஒப்பித்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு அந்த நினைவுக் கல்வியைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 2022-இல் நூலாகவே எழுதியிருக்கிறார். அந்தப் பயிற்சியின் வலிமையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் திண்ணையில் எல்லோர் வீட்டுப் பிள்ளையும் உட்காரவில்லை. பெண்கள் பெரும்பாலும் உட்காரவில்லை. மரக்காலால் கூலி வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு மரக்காலின் பின்னம் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. அளந்து போடுகிறவர் சொன்னதே கணக்கு. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நம் வகுப்பில் இருக்கிறார்கள். பங்கு என்றால் எதில் பங்கு என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வேறு யாரையும்விட அதிகம் தேவை. ஒரு வாய்ப்பாட்டுக்குப் பதில் இன்னொரு வாய்ப்பாட்டை ஒப்பிக்கவைத்தால் அந்தக் கேள்வி பிறக்காது.

கூட்டத்தைப் பகுப்பதில் ரொட்டிக்கு இல்லாத கட்டுப்பாடு ஒன்று இருப்பதையும் சொல்லவேண்டும். மதகடிப்பட்டுக்கு அருகே திருபுவனை வரதராசப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது: 260 மாணவர், 12 ஆசிரியர். ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று வகுத்தால் 21-உம் மூன்றில் இரண்டும் வரும். மூன்றில் இரண்டு மாணவர் என்று யாரும் இல்லை. சிலரிடம் 21 பேர், சிலரிடம் 22 பேர் இருந்திருக்கலாம் என்றுதான் கொள்ளவேண்டும். மாட்டை வாரத்துக்கு விடும் வழக்கம் இதை வேறு விதமாகத் தீர்க்கிறது. ஒருவர் கன்று வாங்கித் தருவார், இன்னொருவர் வளர்ப்பார், ஆளுக்குப் பாதி. உயிருள்ள கன்றைப் பாதியாக்க முடியாது. விற்ற விலையைப் பாதியாக்கலாம். முழுமை மாட்டிலிருந்து பணத்துக்கு மாறிவிடுகிறது. பதினேழு ஒட்டகத்தைப் பாதி, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று என்று பிரிக்கும் பழைய கணக்கின் மர்மமும் இதுவே. மூன்று பங்கையும் கூட்டினால் 17/18 தான் வருகிறது. இரவல் ஒட்டகத்தைச் சேர்த்து 9, 6, 2 என்று கொடுத்தவர் 17-இல் பங்கு போடவில்லை, 18-இல் பங்கு போட்டார்.

ஆங்கில வழி வகுப்பில் இதை என்ன செய்வது என்பதுதான் எனக்கு மிகவும் கடினமான கேள்வி. ஆங்கில வாக்கியம் பங்கை முதலில் சொல்லி முழுமையைக் கடைசியில் சொல்கிறது. நம் பிள்ளை அதை வந்த வரிசையிலேயே குறியீடாக்கிவிடுகிறது. இது கிராமத்துப் பிள்ளைகளின் குறை இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரைப் போல் ஆறு மடங்கு மாணவர் இருக்கிறார்கள் என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னபோது, அமெரிக்காவின் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களில் 37 விழுக்காட்டினர் தவறாக எழுதினார்கள் என்று 1981-இல் ஒரு ஆய்வு வெளியானது. சொல் வந்த வரிசையிலேயே எழுதி, ஆறை மாணவர் பக்கத்தில் வைத்துவிட்டவர்களே அவர்களில் மிகப் பலர். தாய்மொழிக்காரர்களையே வரிசை இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே ஆங்கிலக் கணக்கைக் கடைசிச் சொல்லிலிருந்து பிடிக்கச் சொல்கிறேன். முழுமையை முதலில் கண்டு, அதைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்திலேயே எழுதட்டும். தேர்வில் மதிப்பெண் குறையாது. தமிழில் சொல்லிப் பார்ப்பதை வெட்கமாக நினைக்கும் வகுப்பறையில்தான் மதிப்பெண் குறைகிறது.

பின்னம் வெறும் பள்ளிப் பாடம் என்று நினைப்பவர்கள் புதுச்சேரியின் நிலப் பத்திரம் ஒன்றை எடுத்துப் படிக்கலாம். இங்கே இன்னும் குழியும் வீசமும் எழுதுகிறார்கள். ஒரு காணியில் நூறில் ஒரு பங்கு குழி, 576 சதுர அடி. குழியில் பதினாறில் ஒரு பங்கு வீசம், 36 சதுர அடி. சதுர அடியில் விலை பேசி 1,200 சதுர அடி மனை வாங்குகிறவருக்குக் கிடைப்பது 2 குழி, 1 வீசம், அதற்கு மேல் ஒரு மூன்றில் ஒரு பங்கு. வீசத்தில் என்றால் அது 12 சதுர அடி. குழியில் என்றால் 192. காணியில் என்றால் 19,200.